கொய்யாக் கவை வழக்கு

அத்தியாயம் 9

"இதால குத்தினா ரத்தம் வருமா பாய்?" என்று கேட்டார் சண்முகப்பிரியா மேடம்.

மேஜை மேல் நாலடி நீளத்துக்கு ஒரு நாணல் தட்டை கிடந்தது. வாலில் மூன்று கோழி இறகு. முனையில், கூர் இருக்க வேண்டிய இடத்தில், நாற்காலிக் காலுக்கு மாட்டுகிற கறுப்பு ரப்பர் புஷ்.

"ரத்தம் வராது மேடம். கிச்சுகிச்சு வேணா வரும்," என்றேன். "கொலை பண்ணப் போறவன் ஈட்டிக்குச் செருப்பு மாட்டியா அனுப்புவான்?"

எதிரே உட்கார்ந்திருந்த மாரியாத்தாள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. அவருடைய கணவர் காளிச்சாமி பதினேழு நாளாகக் கோவை மத்திய சிறையில் இருந்தார். அவரை அங்கே அனுப்பியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அந்த உறுத்தலில்தான் என் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது மேடத்தின் துப்பறியும் நிலையம். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் தண்ணி போடுவாரா, சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாரா என்று விசாரித்துச் சொல்வோம். நான் அப்துல் முத்தலிப், உக்கடம். இருபத்திரண்டு வருஷம் ஆட்டோ ஓட்டிவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். டிரைவர், டைப்பிஸ்ட், டீ வாங்கி வருகிறவர் மூன்று பேரும் நான்தான்.

ஆனைமலை வழக்கு எங்களுக்கு வந்த முதல் ரத்த வழக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தென்னந்தோப்பு முதலாளி தம்பிதுரை குனிந்து வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். வலது தோள்பட்டைக்குக் கீழே ஈட்டி இறங்கியது. விழுந்ததில் தலை கல்லில் மோதி, அன்றைக்கு நடந்தது எதுவுமே அவருக்கு நினைவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் பார்த்தது, ரத்தம் வழிகிற ஈட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற காளிச்சாமியை. அந்தத் தோப்பிலேயே பதினான்கு வருஷமாக வேலை செய்கிறவர். முந்தின நாள்தான் கொய்யா மரத்தில் கிளையை வெட்டியதற்காக நாலு பேர் முன்னால் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். எதற்கு வெட்டினாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. போலீஸ் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

தம்பிதுரையின் மகள் லோகப்பிரியா எங்களை அழைத்தார். நாங்கள் போனோம், விசாரித்தோம், நாலு பக்க ரிப்போர்ட் கொடுத்தோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. சம்பவம் நடந்தபோது தோப்பில் இருந்த பேத்தி, ஒன்பது வயது கயல்விழி சொன்னது.

'காளிண்ணன் கை நீட்டி செஞ்சுபோட்டாருங்க.'

ரெக்கார்டிங்கைக் கேட்டு அதை டைப் அடித்தவன் நான். பார்த்தவுடன் கண்ணில் படட்டும் என்று அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் அடித்தேன். போலீஸின் கண்ணில் நன்றாகவே பட்டது.

"இது எங்க கெடச்சுது மாரியாத்தா?" என்றார் மேடம்.

"எங்கூட்டு அட்டாலியில, பரண் மேலங்க. போன வாரம் ஜெயில்ல பாக்கப் போனனுங்க. எம்பட ஊட்டுக்காரரு மெல்லமா, 'அட்டாலியில ஒரு குச்சி இருக்குது, அத எடுத்து எரிச்சுப்போடு'ன்னாருங்க. ரப்பரு மாட்டுன குச்சிய எதுக்குங்க எரிக்கோணும்? எனக்கு மனசு கேக்கலீங்க."

"வக்கீல்கிட்டக் காட்டலியா?"

"வக்கீலு அவிய வெச்ச வக்கீலுங்க. மொதலாளி மகன் சின்னவரு மனோஜ்குமாருதானுங்க வெச்சாரு. நாளைக்கு ரெண்டாவது தடவையா ஜாமீன் கேக்கறாங்களாமுங்க. மொதத் தடவை, உங்க பேப்பரக் காட்டித்தானுங்க இல்லைன்னுபோட்டாங்க." அவர் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அதான் உங்ககிட்டயே வந்தனுங்க. உள்ள வெச்சவங்களுக்குத்தானுங்க வெளிய எடுக்கற வழியும் தெரியும்."

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கொங்கு நாட்டுக்காரர்கள் பேசும்போது எத்தனை 'ங்க' விழுகிறது என்று எண்ணுவேன். மாரியாத்தாள் வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரு வாக்கியம்கூட 'ங்க' இல்லாமல் வரவில்லை. நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எங்களால் வீடு இருண்டு கிடக்கிற பெண்மணி எங்களுக்கே மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு டீ வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மேடம் தட்டையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், கோர்ட்டில் இருக்கிற ஈட்டியின் போட்டோ. அதே நாணல், அதே கோழி இறகு. முனையில் மட்டும் ரப்பருக்குப் பதிலாக மூன்று அங்குல ஆணி. காட்டுப்பன்றி விரட்டுகிற ஈட்டி என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

"பாய், ஈட்டியில அடி வாங்கறது எது?"

"தலை மேடம்."

"அப்ப வாலுக்கு எதுக்கு இத்தனை நூல் கட்டு?"

பார்த்தேன். வால் நுனியில் அரை அங்குலத்துக்கு நெருக்கமாக மீன் தூண்டில் நூல் சுற்றியிருந்தது, தட்டை பிளந்துவிடாமல் இருக்க. போட்டோவில் இருந்ததிலும் அப்படியே.

மேடம் பேனா முனையைத் தட்டையின் ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். உள் விளிம்பு தேய்ந்து வழவழ என்று இருந்தது. "எதோ ஒண்ணு இதுக்குள்ள மூக்க விட்டுப் பின்னாலிருந்து தள்ளியிருக்கு. இது கையில பிடிச்சுக் குத்தற சாமானே இல்ல பாய். தூரத்துல இருந்து வந்திருக்கு."

"ரப்பர் எதுக்கு மேடம்?"

"யாருக்கும் படக்கூடாதுன்னு. இது குழந்தை விளையாட."

அந்தத் தோப்பில் இருந்த குழந்தை ஒன்றே ஒன்று. அதற்கு ஒன்பது வயது.

வேனை எடுத்தேன். கிணத்துக்கடவு தாண்டியதும் மேடம், "அந்தக் குழந்தை பேசின ரெக்கார்டிங் இருக்கா பாய்?" என்றார்.

"இல்ல மேடம். போன்ல இடம் இல்லைன்னு அழிச்சுட்டேன்."

"எதுக்கு இடம்?"

"படம் பாக்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வழக்கமாகப் பொள்ளாச்சி வரை ஆறேழு ஜோக்காவது சொல்வேன். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

தோப்புக்குள் வேனை நிறுத்தியதும் மேடம் வீட்டுப் பக்கம் போகவில்லை. நேராகக் கொய்யா மரத்தடிக்குப் போனார். காளிச்சாமி திட்டு வாங்கிய கிளை எங்கே இருந்தது என்று தேடவே வேண்டாம், வெட்டு வாய் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வெட்டு வாய், முதலாவதைவிடத் தடிமனாக.

"ரெண்டு," என்றார் மேடம். "ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. ரெண்டும் கவை பிரியற இடத்துல வெட்டினது. விறகுக்கு வெட்டறவன் நேர்க்கிளையை வெட்டுவான். கவையைத் தேடி வெட்டறவனுக்குக் கொக்கி வேணும்."

வீட்டு வாசலில் மனோஜ்குமார் நின்றுகொண்டிருந்தார். தம்பிதுரையின் ஒரே மகன். நாற்பது வயதிருக்கும், நெடுநெடு என்று உயரம். எங்கள் ஆபீஸுக்கு எதிர்ப்புறம் இருக்கிற ஐ.டி. பார்க்கில் வேலை. ஞாயிறு மட்டும் தோப்புக்கு வருகிறவர், சம்பவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். காதில் ஹெட்போன், வாயில் இங்கிலீஷ். எங்களைப் பார்த்ததும் ஒரு விரலைக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அப்படியே உள்ளே போனார்.

அவர் அப்பா பொள்ளாச்சியில் மகள் வீட்டில் படுத்திருந்தார். மனோஜின் மனைவியும் மாமனாரைப் பார்த்துக்கொள்ள அங்கே போயிருந்தார். அவர்களுடைய மகள் கயல்விழி மட்டும் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கால் நின்றது.

மேடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ரப்பர் மாட்டிய தட்டையை அவள் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன்னோடதா கண்ணு?"

அவள் ரப்பரைத் தடவினாள். "ஆமாங்க. குத்தாம இருக்கட்டும்னு காளிண்ணன் போட்டுக் குடுத்தாருங்க. எங்க ஸ்கூல்ல கல்காலம் பாடம் வந்துச்சுங்களா, அதுல அந்தக் காலத்து மனுசங்க மானைத் தூரத்துல இருந்து அடிப்பாங்கன்னு படம் போட்டிருந்துச்சுங்க. எனக்கும் வேணும்னு நாந்தான் அழுதேன்."

"இத எப்படி எறியறது? எனக்குத் தெரியலியே."

தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் எந்தக் குழந்தையால் இருக்க முடியும்? அவள் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓடினாள். உரச் சாக்குகளுக்கு அடியிலிருந்து ஒரு கொய்யாக் கட்டையை எடுத்து வந்தாள். தோல் சீவி, வழவழப்பாகச் செதுக்கிய கட்டை. அவளுடைய முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் சரியாக ஒரு முழம். கடைசியில், கவை பிரிந்த இடத்தில், கிளி மூக்கு மாதிரி ஒரு சின்னக் கொக்கி.

கொக்கியைத் தட்டையின் வால் ஓட்டைக்குள் விட்டாள். கட்டையின் மறு முனையைக் கையில் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்கி, ஒரு வீசு வீசினாள்.

தட்டை நெளிந்துகொண்டே பறந்து போய் இரண்டாவது தென்னை மரத்தடியில் விழுந்தது. நான் எறிந்திருந்தால் பாதி தூரம்கூடப் போயிருக்காது.

"பெரிய ஆளுதான் நீ," என்றேன். உண்மையாகவே சொன்னேன். "இதுக்கு என்ன பேரு கண்ணு?"

"பேரு நாந்தானுங்க வெச்சேன். இது கையில இருந்தா கை நீளமாயிருதுல்லீங்க? அதனால, கைநீட்டி." கட்டையைத் தூக்கிக் காட்டினாள். "அன்னைக்கே சொன்னனுங்களே. காளிண்ணன் கைநீட்டி செஞ்சுபோட்டாருங்க."

அதே வாக்கியம். அதே குரல்.

எங்கள் பக்கம் ஒருவர் கை நீட்டினார் என்றால் அடித்தார் என்று அர்த்தம். செஞ்சுபோட்டார் என்றால் காரியத்தை முடித்துவிட்டார் என்று அர்த்தம். ஆள் மயங்கிக் கிடக்கிற வீட்டில் இரண்டையும் சேர்த்துக் கேட்டவன் வேறு என்ன நினைப்பான் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. யாரு கண்ணு அடிச்சது என்று நான்தான் அவளைக் கேட்டேன். போலீஸ் வந்து நிற்கிறது, வீடே அழுகிறது, அவளுக்குப் புரிந்த ஒரே விஷயத்தை அவள் சொன்னாள். காளிண்ணன் ஒரு கைநீட்டி செய்து முடித்தார், அதனால்தான் இதெல்லாம் ஆயிற்று என்று. அவள் ஒரே வார்த்தையாகத்தான் சொன்னாள். நான்தான் நடுவில் ஒரு இடைவெளி விட்டு அதை இரண்டாக உடைத்தேன். கையிலிருந்த ஒரு பொம்மை, ஸ்பேஸ் பாரில் ஒரு தட்டுத் தட்டியதில், கொலைவெறி ஆகிவிட்டது.

"மேடம்..." என்றேன்.

"தெரியுது பாய்," என்றார் அவர். "நீங்க அடிச்சீங்க. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டது நான்."

கயல்விழி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய உதடு நடுங்க ஆரம்பித்தது. "தாத்தாவுக்கு நானாங்க செஞ்சுபோட்டேன்? போலீஸ் என்னையக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?"

"யாரு சொன்னா அப்படி?"

அவள் தலையைக் குனிந்தபடியே ஓரக்கண்ணால் வீட்டு வாசலைப் பார்த்தாள்.

மேடம் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்தார். "பாய், தென்னைக்குத் தென்னை எத்தனை அடி விட்டு நடுவாங்க?"

"இருபத்தஞ்சு."

"இவ எறிஞ்சது ரெண்டு மரம். அம்பது அடி. அதுவும் வெறும் ரப்பர். தாத்தா நின்ன வாய்க்கால் இங்கிருந்து எத்தனாவது மரம்?"

எண்ணிப் பார்த்தேன். "நாலு தாண்டி மேடம்."

"நூறு அடிக்கு மேல. கயலு, ஆணி வெச்ச தட்டையை நீ எறிஞ்சிருக்கியா?"

"அது கனமுங்க. என் கைநீட்டில நிக்கவே நிக்காது."

"அப்ப நீ இல்ல கண்ணு. உன் கையால முடியவே முடியாது. அக்கா எழுதித் தாரேன்." அதைச் சொல்லும்போது மேடத்தின் குரல் உடைந்தது. எழுதிக் கொடுத்துத்தானே இவ்வளவும் ஆயிற்று.

குழந்தை இல்லை. காளிச்சாமி தனக்கென்று ஒன்று செய்துகொண்டாரா? மரத்தில் வெட்டு வாய் இரண்டு, கைநீட்டி ஒன்று. இரண்டாவது கவை எங்கே? நான் மோட்டார் ரூமைப் புரட்டினேன், மாட்டுக் கொட்டகையில் தேடினேன். ஆட்டோ டிரைவராக இருந்தபோது ஒரு பாடம் படித்திருக்கிறேன். பயணி தொலைத்த சாமான் சீட்டுக்கு அடியில் இருக்காது, சீட்டு மேலேயே இருக்கும். திரும்பி வந்து வீட்டுச் சுவரைப் பார்த்தேன். சுவரில் சாத்தி வைத்திருந்தது ஒரு தொரட்டி. நீண்ட மூங்கில், நுனியில் காய் பறிக்கக் கொய்யாக் கவை.

"மேடம், இந்தத் தொரட்டியைக் கட்டினது யாருன்னு நினைக்கறீங்க?"

அவர் கிட்டே வந்து பார்த்தார். மூங்கிலோடு கவையைச் சேர்த்துக் கட்டியிருந்தது கயிறு இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் கேபிள் டை, நாலு.

"தோட்டத்துக்காரன் தென்னங்கயித்துல கட்டுவான்," என்றேன். "கம்ப்யூட்டர்காரன்தான் ஒயர் கட்டற சாமானால கட்டுவான்."

கத்தியால் அறுத்துக் கீழே எடுத்தேன். சின்னதைப் போலவே சீவிச் செதுக்கிய கட்டை, ஆனால் நீளம் அதைவிட அரை மடங்கு அதிகம். கட்டை விரல் பதிய ஒரு பள்ளம்கூடச் செதுக்கியிருந்தார் காளிச்சாமி.

"ஏனுங்க, என்ன தேடறீங்க?" மனோஜ்குமார் வாசல்படியில் நின்றார். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"ஒரு முழம் தேடறோங்க," என்றார் மேடம். "பூ வாங்கறப்ப பாத்திருப்பீங்க. பூக்காரம்மா முழம் வேற, நம்ம முழம் வேற. காளிச்சாமி குழந்தையோட கையை அளந்து குழந்தைக்குச் செஞ்சிருக்காரு. இத யாரு கையை அளந்து செஞ்சாரு?"

"அது தொரட்டிங்க."

"கையைக் கொஞ்சம் நீட்டுங்க சார்."

அவர் நீட்டவில்லை. அப்புறம், யாரோ பிடித்து இழுத்த மாதிரி, வலது கை தானாக முன்னால் வந்தது. மேடம் கட்டையை முழங்கையில் வைத்துப் பிடித்தார். கொக்கி அவருடைய நடுவிரல் நுனியில் வந்து உட்கார்ந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, ஒரு நூல் குறையவும் இல்லை.

"பாப்பாவுக்குச் செஞ்சத எறிஞ்சு பாத்தேங்க," என்றார் மனோஜ்குமார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எனக்கும் ஆசை வந்துருச்சு. எனக்கொண்ணு செஞ்சு குடு காளின்னு நாந்தான் கேட்டேன். வாழைமரத்துல குத்தி நிக்குதான்னு பாக்கலாம்னு ஆணி வெச்சதும் நாந்தான். காளி வேண்டாம்னாரு. 'சின்னவரே, ஆணி வேண்டாமுங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னாரு. வாழைக்கு மேல போயிருச்சுங்க. அந்தப் பக்கம் அப்பா இருக்கறது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாதுங்க."

"ஓடிப் போய்ப் பிடுங்கினது காளிச்சாமி."

"ஆமாங்க. நான் இங்கயே நின்னுட்டேன். ஆளுங்க வந்துட்டாங்க. அவர் கையில இருந்துச்சு."

"அவர் ஏன் வாயத் தொறக்கல?"

"பாப்பா பேரு வெளிய வந்துரும், குழந்தைய ஸ்டேஷனுக்கு இழுப்பாங்கன்னு சொன்னேன். ரெண்டு நாள்ல வெளிய எடுத்தர்றேன்னு சொன்னேன். அவருக்குப் பாப்பான்னா உசுரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வக்கீலாத்தாங்க வெச்சிருக்கேன். கோயமுத்தூர்லயே பெரிய வக்கீல்."

"வக்கீல் வெச்சீங்க. வாயத் தொறக்கல," என்றார் மேடம்.

மனோஜ்குமார் என் பக்கம் திரும்பினார். "உங்க ரிப்போர்ட்ட நான் படிச்சேங்க. மூணாவது பக்கம். அந்த வார்த்தையப் பிரிச்சு அடிச்சிருந்தீங்க. பாத்த உடனே தெரிஞ்சுது, இது தப்பு, பாப்பா சொன்னது வேறன்னு. போன் பண்ணிச் சொல்லலாம்னு நம்பரக்கூட எடுத்தேன்." அவர் கழுத்திலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். "அப்புறம், பரவாயில்ல, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு உலுக்குவது? நான் வெட்டி வைத்த குழியில் அவர் இன்னொருவரைத் தள்ளினார். குழி என்னுடையது.

துவைக்கிற கல்லிலிருந்து கயல்விழி இறங்கி வந்தாள். இத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அப்பா, அப்ப நான் இல்லீங்களா?"

அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். "நீ இல்ல கண்ணு. அப்பாதான்."

அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். பதினேழு நாளாக அந்தச் சின்ன நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்த மூச்சு. அப்புறம் கேட்டாள்: "அப்பக் காளிண்ணன எதுக்குங்க பிடிச்சு வெச்சிருக்காங்க?"

நான் போய் வேன் கதவைத் திறந்தேன்.

குழந்தையைப் பொள்ளாச்சியில் அவளுடைய அம்மாவிடம் விட்டுவிட்டு, மனோஜ்குமாரை வேனில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனோம். அவர் முரண்டு பிடிக்கவில்லை. இரண்டு கைநீட்டிகளையும் ரப்பர் தட்டையையும் மேஜை மேல் வரிசையாக வைத்து, மேடம் இன்ஸ்பெக்டருக்கு விளக்கினார். இன்ஸ்பெக்டர் சின்னக் கொக்கியைத் தட்டையின் வாலில் விட்டு விட்டு எடுத்துப் பார்த்தார். எழுதுகிறவர் ஒரு வார்த்தையில் நிறுத்தி, "இது சேத்து எழுதணுமா, பிரிச்சா?" என்று கேட்டார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து போய் அவருடைய பேனாவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். "சேத்துங்க. ஒரே வார்த்தைங்க," என்றேன். அவர் எழுதி முடிக்கிறவரை நகரவில்லை.

நாளைக்குக் காலையில் கோர்ட்டில் தாங்களே சொல்லிவிடுவதாகவும், மாலைக்குள் காளிச்சாமி வெளியே வந்துவிடுவார் என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார்.

வெளியே வந்தோம். மேடம் மாரியாத்தாளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது, அந்தப் பக்கம் அவர் அழுவதும், நடு நடுவே நன்றிங்க, நன்றிங்க என்பதும். மேடம் போனை என்னிடம் நீட்டினார்.

"நன்றி சொல்றாங்க. வாங்கிக்கறது நியாயமில்ல பாய். மிச்சத்த நீங்களே சொல்லிடுங்க."

வாங்கிக்கொண்டேன்.

"பாயிங்களா? ரொம்பப் புண்ணியமுங்க உங்களுக்கு. எப்படீங்க கண்டுபிடிச்சீங்க? அந்தப் பேப்பர்ல என்னமோ தப்பாயிருச்சுன்னு அம்மா சொல்றாங்க. யாரு பண்ணுன தப்புங்க?"

"நாந்தானுங்க அம்மணி. நான் டைப் அடிச்சதுலதான் தப்பு."

"என்னத்தைங்க தப்பா எழுதுனீங்க?"

"ஒண்ணும் எழுதலீங்க." ஒரு ஜோக்காவது வந்து காப்பாற்றாதா என்று தேடினேன், வரவில்லை. "கைநீட்டின்னு ஒரே வார்த்தைங்க. பொம்மையோட பேரு. நான் நடுவுல கொஞ்சம் எடம் உட்டுப்போட்டேன். அதுல அர்த்தம் மாறிப்போச்சு. ஒரு எழுத்துகூடத் தப்பா எழுதலீங்க. வெறும் எடம்தான் உட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"வெறும் எடத்துக்கா பதினேழு நாளு?" என்றார் மாரியாத்தாள்.

காலையில் எண்ணுவதை நிறுத்தியவன், என்னையறியாமல் மறுபடி எண்ணினேன். அதில் ஒரு 'ங்க' கூட இல்லை.